ஓடுறவனுக்கும் உறக்கம் வேணும்

"உங்க ஆளுகளுக்கு என்னலே, ஓட்டம் ரத்தத்திலேயே கெடக்கு. வயக்காட்டுல மாடு மாதிரி உழைக்கிற உடம்பு. உனக்கெல்லாம் பயிற்சியே வேண்டாம்."

1987இல் எங்க பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் என்னைப் பாராட்டிச் சொன்ன வார்த்தை இது. நான் ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கு 1500 மீட்டரில் முதலாவதாக வந்திருந்தேன். சந்தோசத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அது பாராட்டு இல்லை, ஜாதிப்பேச்சு என்று எனக்குப் புரிய மூணு வருசம் ஆச்சு. அதற்குள் என் கால் எலும்பு கீறிப் போயிருந்தது.

எங்க காலனி சுசீந்திரம் பக்கம். நாஞ்சில் நாட்டில் வருசத்துக்கு ரெண்டு பூ: கன்னிப்பூவும் கும்பப்பூவும். ரெண்டுக்கும் நடவு நடுறதும், அறுக்கிறதும், சுமக்கிறதும் எங்க ஜனம். நெல்லு மட்டும் வேற வீட்டுப் பத்தாயத்துக்குப் போகும்.

நான் ஓடப் போறேன்னு சொன்னதும் முதலில் பயந்தது எங்க பாட்டா. "ஓடப்பிடாது மக்கா. நம்ம ஆளு ஓடினா களவாணிம்பான். மெல்ல நடந்தா சோம்பேறிம்பான். ஓடாமலும் நிக்காமலும் இருந்து பழகிக்கோ" என்றார். அவர் பயந்ததுக்குக் காரணம் உண்டு. அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்க ஆட்கள் நடக்கக்கூட முடியாது. அதை எதிர்த்து 1926இல் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள், 1930இல் மறுபடியும் நடத்தினார்கள். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. சட்டம் மாறி ஐம்பது வருசம் கழிந்தும் பாட்டா அந்தத் தெருவுக்குள் போகமாட்டார். வயல் வரப்பு வழியாகச் சுற்றித்தான் போவார்.

நான் அந்தத் தெருவில்தான் விடியற்காலை ஓடினேன். தார் போட்டு நிரப்பாகக் கிடந்த ரோடு அதுதான். திண்ணையில் இருந்த ஒருத்தர், "எவன் வீட்டுப் பயலே? எதை எடுத்துக்கிட்டு ஓடுதே?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டிக்கொண்டே ஓடினேன். ஒண்ணுமில்லாத கையை எதுக்குக் காட்டினேன் என்று இன்றைக்கும் நினைத்து நினைத்துக் கூசுகிறேன்.

அப்போது என் நாள் எப்படி இருந்தது தெரியுமா? நடவுக் காலமென்றால் இருட்டோடு எழுந்து அம்மையோடு நாற்றங்காலுக்குப் போகணும். நாற்றுப் பிடுங்கி, கட்டு சுமந்து, பழங்கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம். சாயங்காலம் மைதானம். வாத்தியாருக்குத் தெரிந்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். "உயிரைக் குடுத்து ஓடு." தினமும் முழு வேகம். பத்தாம் வகுப்பில் கெண்டைக்கால் முன்னெலும்பில் வலி வந்தது. சொன்னேன். "உங்க ஆளுகளுக்கு வலியா?" என்று சிரித்தார். ஓடினேன். ஒருநாள் காலை ஊன்ற முடியவில்லை. வர்ம ஆசான் ஒருவர் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு கீறியிருக்கு. ரெண்டு மாசம் ஓடினா பின்னே ஓட்டமே கெடையாது" என்றார். அந்த வருசம் போட்டி போனது.

எனக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தவர் எங்க காலனியிலிருந்து பட்டாளத்துக்குப் போன அண்ணன் ஒருவர். 1990இல் லீவுக்கு வந்திருந்தார். பட்டாளத்தில் ஓட்டக்காரர். நான் நொண்டிக்கொண்டே வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு என்னை நிறுத்திக் கேட்டார்: "லேய், உங்க அப்பா நாப்பது வருசமா சுமடு சுமக்காரு. சுமந்தா பெலம் கூடும்னா இன்னைக்கு அவருதான் இந்த ஊருக்கே பயில்வானா இருக்கணும். ஏன் இல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். "ஓடும்போது உடம்பு வளராதுடே. ஓடும்போது அது உடையும். பெறவு தின்னுட்டு உறங்கும்போதுதான் ஒட்டும். ஒட்டும்போது முன்னைவிடக் கெட்டியா ஒட்டும். உங்க அப்பாவுக்கு உடையுறது மட்டும் நடந்துச்சு. ஒட்டுறதுக்கு எவன் நேரம் குடுத்தான்?"

நான் இதுவரை கேட்ட அரசியல் பேச்சுகளில் இதைவிடப் பெரிய பேச்சு இல்லை.

அவர் கொடுத்த பயிற்சி எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வாரத்தில் நாலு நாள் மெல்ல ஓடணும். எவ்வளவு மெல்ல என்றால், பக்கத்தில் ஓடுகிறவனிடம் மூச்சு வாங்காமல் கதை பேச முடியணும். ஒருநாள் மட்டும் வேகம்: 400 மீட்டர் வேகமாக, அப்புறம் மெதுநடை ஓட்டம், திரும்ப 400. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், தேரூர்க் குளக்கரை, வயல்வெளி என்று ஒன்றரை மணி நேரம். ஏழாவது நாள் ஒன்றும் கிடையாது. வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும், நாலாவது வாரம் குறைக்கணும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காதே, மூச்சைப் பார் என்பார். சாப்பாட்டுக்கு அவர் புதுசாக ஒன்றும் சொல்லவில்லை. மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன், சிறுபயறு, கருப்பட்டி. "நம்ம சாப்பாடு நல்ல சாப்பாடுதான். காணாது, அதுதான் குறை."

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், இந்த முறையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று. வேகமும் மெதுவும் மாற்றி மாற்றி ஓடுவதைப் பெரிதாக்கிக் காட்டியவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியவர். இளவயதில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நெடுந்தூரம் மெல்ல ஓடி அடித்தளம் போடுவதைக் கற்றுக்கொடுத்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். அவரும் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளிதான். வாரத்துக்கு 100 மைல் என்று தன் உடம்பிலேயே வருசக்கணக்கில் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பழகிய பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பேரி மாகி மாரத்தானில் வெண்கலம். எல்லாரும் ஆக்லாந்தில் பழகிய பையன்கள். ஒரே ஊரில் இத்தனை பேருக்கு 'ரத்தத்தில்' ஓட்டம் வந்து விழுமா? பயிற்சி வந்தது, ஓட்டம் வந்தது. செருப்புத் தைக்கிற கைகள்தான் உலகத்துக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தன என்பதை எங்க பாட்டாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

காலைப் பழக்குவது லேசு. மனசைப் பழக்குவதுதான் பாடு. 1991இல் நாகர்கோவிலில் ஒரு 10000 மீட்டர் போட்டி. சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானம், 25 சுற்று. பதினெட்டாவது சுற்றில் முதலாவது ஓடியவன் ஒரு சுற்று முந்தி என் பின்னால் வந்துவிட்டான். "ஒதுங்குலே!" என்று ஒரு சத்தம். என்னை அறியாமலே கால் உள்கோட்டை விட்டு வெளியே போனது. மூணாவது கோடு வரைக்கும் போய்விட்டேன். அவன் போன பிறகும் உள்ளே வரத் தோன்றவில்லை. அரைச் சுற்று வெளியிலேயே ஓடியிருக்கிறேன்.

ஓட்டம் முடிந்ததும் அண்ணன் கேட்டார், "எதுக்குலே ஒதுங்கினே?" "அவன் சொன்னான்" என்றேன். "முந்துறவன்தான் சுத்திப் போகணும். அதுதான் விதி. நீ யாரையும் இடிக்காம உன் கோட்டுல ஓடு. உள்கோடு உனக்கும் உள்ளதுதான்." அன்றைக்கு நான் தோற்றது அவனிடம் இல்லை. வரப்பில் இறங்கி நின்று வழிவிட்ட பாட்டாவின் கால் என் காலுக்குள் இருந்தது. அதை வெளியேற்ற 400 மீட்டர் எத்தனை தடவை ஓடினாலும் போதாது. அடுத்த வருசம் அதே சத்தம் கேட்டபோது ஒதுங்கவில்லை. பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் ஓடிய நல்ல ஓட்டம் அது.

உழைக்கிற வரைக்கும் எங்க உடம்பை மெச்சுவார்கள். ஜெயித்தால் சந்தேகப்படுவார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், தலித் பெண். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஒரு பெண்ணின் உடம்பை ஊர் உலகமெல்லாம் பேசியது. பிறகு அவரே சூளையில் கூலிக்கு நின்றார். அப்புறமும் பயிற்சியாளர் பட்டயம் படித்து, பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். மனவலிமை பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் இங்கே வந்து படிக்கட்டும்.

இப்போது எங்க காலனியில் பதினோரு பிள்ளைகள் என்னிடம் ஓடுகிறார்கள். ஐந்து பேர் பெண்கள். ரத்தசோகை இருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் பெண் பிள்ளைகளுக்குத் தூரம் கூட்டுகிறேன். முருங்கைக்கீரையும் ஈரலும் தின்னச் சொல்கிறேன். எல்லாருக்கும் ஒரு நோட்டு. அன்றைக்கு ஓடியது எவ்வளவு, உறங்கியது எவ்வளவு, வேலை செய்தது எவ்வளவு என்று எழுதணும். சுமடு தூக்கினால் அதுவும் கணக்கில் வரும்.

போன மாதம் ஒரு பையன் ராத்திரி முழுக்கக் கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டு, விடியற்காலை கண் சிவந்து மைதானத்தில் வந்து நின்றான். "போய் உறங்குடே மக்கா" என்றேன். "சோம்பேறின்னு சொல்லுவானுவ அண்ணாச்சி" என்றான். அவன் நோட்டை வாங்கி, அன்றைய தேதிக்கு நேரே 'ஓய்வு' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவன் அம்மை வந்தாள். முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறவள். விரலெல்லாம் கறுத்துக் கிடந்தது. "பயலை உறங்கச் சொல்லுததுக்கா ஒரு பயிற்சி?" என்று சண்டை போடத்தான் வந்திருக்கிறாள். நான் பட்டாளத்து அண்ணன் சொன்னதை, உடைகிறதும் ஒட்டுகிறதுமான கதையை, அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"எனக்கும் அப்பிடி ஒரு நாள் எழுதித் தருவியளா அண்ணாச்சி?"