ஊசி போன வழி

கண்டியிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் கடலைப் பார்க்க இரண்டு மூன்று மணித்தியாலமாவது ஓட வேண்டும். ஆனாலும் உப்பு இங்கே வந்து சேர்ந்துவிடுகிறது, மீன் லொறியில். திருகோணமலையில் ஏற்றிய பெட்டிகளில் ஐஸ் உருகும். அந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கால் வடிந்து, பின் லைட்டுக்குப் போகும் வயர்க் கட்டின் மேல் வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வரும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிற எனக்குப் பாதிச் சோறு அந்தச் சொட்டில்தான். மீதிச் சோறு மழையில்.

ஒரு நாள் விடியற்காலை அப்படி ஒரு சின்ன லொறி வந்தது. "பாஸ், சிக்னல் போட்டா பிரேக் லைட்டும் சேந்து மினுங்குது. இடது பக்கம் சிலநேரம் எரியவே இல்ல" என்றார் டிரைவர் அண்ணன்.

அவர் சொன்னதில் முதல் பாதிக்குக் காரணம் கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது: எர்த். மின்சாரம் திரும்பிப் போக வழி அடைபட்டால், பக்கத்து பல்ப் வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். சிக்னலைப் போட்டு, மீற்றரின் ஒரு முனையை லைட்டின் எர்த்திலும் மறு முனையைப் பற்றரியின் மைனஸிலும் வைத்தேன். கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 3 வோல்ட் காட்டியது. 12 வோல்ட்டில் காற்பங்கு துருவுக்கே செலவாகிறது. ஆணியைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். இந்த வரிசை முக்கியம். இரும்போடு இரும்பு முதலில் இறுகப் பிடிக்க வேண்டும். கிரீஸ் அதற்கு மேல் போர்வை.

இடது பக்கம் மட்டும் அதன் பிறகும் எரியவில்லை. வயரைக் கையால் தடவிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் உறைக்குள் எதுவும் இல்லாததுபோல் துவண்டது. பிளேடால் கீறினால், செம்புக்குப் பதில் பச்சைத் தூள். இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குக் கம்பிகள் கறுத்திருந்தன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மெல்லிய கம்பிகளுக்கு இடையில் தண்ணீர் ஏறிப்போயிருந்தது. ஓட்டமுள்ள பிளஸ் வயரில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் செம்பு வெறுமனே பச்சை பிடிப்பதோடு நிற்காது. மின்சாரமே அதைக் கரைத்துத் தள்ளிவிடும்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பிரசங்கத்தில், ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொல்லக் கேட்டிருக்கிறேன். களிம்பு வெளியிலிருந்து வருவதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பது சித்தாந்தம். சித்தாந்தத்தோடு எனக்கு வழக்கில்லை. வயருக்குள் இருக்கும் செம்புக்கு மட்டும், யாராவது வழி விட்டால்தான் களிம்பு.

அந்த வழியைத் தேடினேன். உறையில் ஊசி முனையளவு ஒரு துளை. நாலு விரற்கடை தள்ளி, பழைய சிவப்பு டேப் சுற்று. சுற்றின் நுனியை மடித்துவிடுவது என் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் இதே லொறியில், கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லேம்ப்பின் ஊசியால் குத்தியது நான்தான்.

துளை எத்தனை நாளில் வயரைத் தின்னும் என்று இளவயதில் யோசித்ததில்லை. வாகனம் மாறிக்கொண்டே இருந்த காலம் அது. 2020இல் இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வயருக்கே வைத்தியம் பார்த்ததில், என் கைவேலை முதுமையடைவதை நானே பார்க்க நேர்ந்தது. அசிட் வைத்து ஈயம் பற்றிய இடங்கள் பச்சையாகித் திரும்பி வந்தன. வினாகிரி மணக்கும் சிலிக்கன் பூசி "தண்ணி போகாது" என்று அனுப்பியவையும் வந்தன. அந்த மணமே அசிட் என்பதும், அது செம்பை அரிக்கும் என்பதும் பிறகுதான் புரிந்தது.

இப்போது வயரைக் குத்துவதில்லை. கப்ளரின் பின்பக்கத்தால் மீற்றர் முனையைச் செருகிப் பார்க்கிறேன். மூட்டுகளைக் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஷ்ரிங்க் டியூப்பைச் சூடுகாட்டி இறுக்குகிறேன். ஓரங்களில் பசை சிறு மணியாகப் பிதுங்கினால்தான் மனம் ஆறும். லைட்டுக்குள் நுழையும் முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுகிறேன். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும், உள்ளே ஏறாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழைக்கு, செலவில்லாத காவல் அந்த வளைவு.

அன்று கெட்ட துண்டை வெட்டி, புது வயர் போட்டேன். டெஸ்ட் லேம்ப்பின் ஊசியை அரத்தால் ராவி மொட்டையாக்கினேன். காசு கொடுக்க வந்த அண்ணனிடம், "எர்த்துக்கு மட்டும் குடுங்க. மத்தது நான் போட்ட ஓட்டை" என்றேன்.

அவர் வயர்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்த நேரம் வாங்கின காசு?"

பிளேன்டீ வாங்கிக் கொடுத்துத்தான் சமாளித்தேன்.