நெகட்டிவ் ஆரிட்ட இருக்கும்?

ஃபிலிமை 'டெவலப்' செய்வதைத் தமிழில் கழுவுதல் என்றுதான் சொல்லிவந்தோம். பாத்திரம் கழுவுவது, வாசல் கழுவுவது, பிள்ளைக்குக் கால் கழுவுவது, ஃபிலிம் கழுவுவது. இந்த வரிசையில் கடைசி வேலை மட்டும் எப்படியோ ஆண்கள் கைக்குப் போயிருந்தது. எங்கள் ஊர் ஸ்டுடியோவின் இருட்டறைக்குள் ஒரு பெண் நுழைந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமோ காதுகுத்தோ முடிந்து 36 படமும் தீர்ந்தபின் அப்பாவோ அண்ணனோ ரோலைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். படங்கள் வீட்டுக்கு வருமுன் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் கடைக்காரர் ஒருமுறை பார்த்து முடித்திருப்பார். அது அவர் தொழில், அதில் குற்றமில்லை. ஆனால் 1990களின் இறுதியில் நான் விடுதியில் இருந்தபோது, சுற்றுலாவில் எடுத்த ரோலில் இருந்த தோழி ஒருத்தியின் படம் முன்பின் தெரியாத ஒருவனின் பர்ஸில் இருப்பது தெரியவந்தது. கழுவக் கொடுத்த இடத்தில் கூடுதலாக ஒரு பிரதி போட்டிருந்தார்கள். அவள் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. பர்ஸ்காரன் தேர்வு எழுதினான். கடை வழக்கம்போல் காலை ஒன்பது மணிக்குத் திறந்தது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை நானே கழுவக் கற்றுக்கொண்டதற்கு அழகியல் காரணங்களும் உண்டு. முதல் காரணம் அந்தப் பர்ஸ்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காகப் பாரிஸ் போனேன். கருத்தரங்கு இரண்டு நாள். அதன்பின் மூன்று வாரம் என் சொந்தச் செலவில் தங்கி, அங்குள்ள நம் பெண்களின் வேலைகளைப் படமெடுப்பதாகத் திட்டம். பையில் இல்ஃபோர்டு எச்பி5 ரோல் ஆறு. கலரை வேண்டாமென்றே விட்டேன். கலர்ப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க லேப்களில் பல பத்தாண்டுகள் வைத்திருந்த 'ஷர்லி அட்டை'யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நம் தோல் அந்த அட்டைக்குப் பொருந்தவில்லை என்பதை எங்கள் வீட்டு ஆல்பமே சொல்லும்.

ஃபிலிமோடு பயணம் போகிற மாணவிகள் என்னிடம் முதலில் கேட்பது விமான நிலைய எக்ஸ்ரே பற்றித்தான். பெட்டிக்குள் வைத்து ஏற்றிவிடக் கூடாது. செக்-இன் பெட்டிகளுக்கான எந்திரங்களின் கதிர் கடுமையானது, ஃபிலிமில் புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். கைப்பைக்கான பழைய வகை எக்ஸ்ரேயில் 400 வேக ஃபிலிம் ஓரிரு முறை போய்வந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் படுகிற கதிர் சேர்ந்துகொண்டே போகும். இப்போது பல நிலையங்களில் கைப்பைக்கும் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. மருத்துவமனையில் தலையைப் படமெடுக்கும் எந்திரத்தின் இனம் அது. அதில் ஒரே முறை போனாலே ஃபிலிம் கெடலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். ஈயப் பையை நம்ப வேண்டாம். உள்ளே என்ன என்று தெரியாவிட்டால் சோதிப்பவர் மறுபடி அனுப்பச் சொல்லக்கூடும். டப்பாக்களை விட்டு எடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் ரோல்களை மட்டும் போட்டு, கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும். வரிசையில் முன்கூட்டியே போய், சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். இந்தச் சிரித்த முகம் ஆண்களுக்கும் தேவைப்படுகிறதா என்று எனக்குத் தெரிந்த புகைப்படக்காரர்களிடம் விசாரித்தேன். ஒருவரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லையாம்.

சென்னையில் திரைக்குப் பின்னால் என்னைத் தடவிச் சோதித்த பெண் காவலரே பையையும் வாங்கி ஒவ்வொரு ரோலாக உருட்டிப் பார்த்தார். "எங்க வீட்லயும் இருந்துச்சு மேடம், அப்பா வச்சிருந்தார்" என்றார். இடையில் மாறிய விமான நிலையத்தில் அந்தச் சலுகை இல்லை. 'மெஷின் சேஃப்' என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு ஓர் இளைஞன் பையைத் தட்டில் எறிந்தான். நல்லவேளை, அது பழைய வகை எந்திரம்.

ஆகவே எடுத்த படங்களைக் கழுவாமல் திரும்பக் கொண்டுவருவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். கழுவி முடித்த நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. பாரிஸில் நல்ல லேப்களும் இருக்கின்றன. நாலாவது ரோல்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாலாவது ரோலில் வந்தவர் ஓர் அக்கா. நான் தங்கியிருந்த தோழியின் வீட்டுக்கு அடிக்கடி வருவார். 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். கல்யாண ஆல்பம் வீட்டு அலுமாரியிலேயே நின்றுவிட்டது. வீடும் பிறகு இல்லை. பல நாடு, பல வருடம் கடந்து பாரிஸ் வந்து, விசாக் காட் இல்லாமல் வீடுகளைத் துப்புரவாக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். மாணிக்க விநாயகர் கோயில் தேரன்று, லா ஷப்பல் தெருவில் உடைத்த தேங்காய்கள் குவிந்து கிடக்க, அவர் தன்னைப் படமெடுக்கச் சொன்னார். ஆறு படம் எடுத்தேன். பிறகு கேட்டார்:

"பிள்ளை, நெகட்டிவ் ஆரிட்ட இருக்கும்?"

லேப்பில் கொடுத்தால் ஸ்கேன் செய்து அவர்கள் கணினியிலும் ஒரு பிரதி வைத்திருப்பார்கள் என்றேன். "அப்ப வேண்டாம். எனக்குக் காட் இல்லையெண்டு உமக்குத் தெரியும்தானே."

இந்தக் கேள்வியைப் புகைப்பட வரலாறு போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் எண்ணம். கெர்டா டாரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ராபர்ட் காப்பா' என்ற பெயரே 1936இல் அவரும் அவர் காதலரும் சேர்ந்து புனைந்தது. பெயர் காதலரிடம் தங்கிவிட, டாரோ எடுத்த படங்கள் சிலவும் அந்தப் பெயரிலேயே போயின. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937 ஜூலையில் இறந்தபோது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை. அவருடையதும் காப்பா, சிம் ஆகியோருடையதுமான சுமார் 4,500 நெகட்டிவ்கள் பாரிஸிலிருந்து கிளம்பி, பல கை மாறி, மெக்சிகோ நகரில் பல பத்தாண்டுகள் அடைந்து கிடந்து, 2007இல்தான் மீண்டன. எந்தப் படம் டாரோவுடையது என்று பிரித்தறிய அந்தச் சுருள்கள் உதவின. அதே 2007இல் சிகாகோவில், பிள்ளை வளர்க்கும் வேலைக்காரியாகவே வாழ்ந்த விவியன் மேயரின் நெகட்டிவ்களும், வாடகை பாக்கிக்காக ஏலத்தில் போயின. நூற்றுக்கணக்கான ரோல்களை அவர் கழுவவே இல்லை. அவற்றைக் கழுவி, தேர்ந்தெடுத்து, உலகுக்குக் காட்டியவர்கள் வாங்கியவர்கள். அவர் சம்மதித்திருப்பாரா என்று கேட்க அவர் இல்லை, 2009இல் இறந்துவிட்டார்.

மறுநாள் பூமார்ஷே சாலைக் கடைகளில் டி-76 தூள், ஃபிக்ஸர், ஒரு டாங்க், கை நுழைக்கும் கறுப்புப் பை எல்லாம் வாங்கினேன். லேப் செலவைவிட அதிகம்தான். தோழி வீட்டுக் குளியலறையில் வேலை தொடங்கியது. கறுப்புப் பைக்குள் கண் தெரியாமல் ஃபிலிமை ரீலில் ஏற்றும்போது அக்கா பக்கத்தில் நின்று, "பூக்கட்டுற மாதிரிக் கிடக்கு" என்றார். தண்ணீர் 20 டிகிரி இருக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் குழாய்த் தண்ணீர் 24. தோழி ஐஸ்கட்டிகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொடுத்தாள். ஏழரை நிமிடம், நிமிடத்துக்கொருமுறை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். முதல் இரண்டு ரோலுக்குப் பிறகு கணக்கை அக்காவே எடுத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "இப்ப" "இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு லிட்டர் மருந்தில் ஆறு ரோலும், தடவைக்கு இரண்டாக, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி. பழைய ஃபிக்ஸரைத் தொட்டியில் ஊற்றாமல் போத்தலில் அடைத்துவைத்தேன். அதில் வெள்ளி கரைந்திருக்கும்.

துணி கிளிப் போட்டு ஷவர் கம்பியில் ஆறு சுருளும் தொங்கின. அன்றிரவு அந்த வீட்டில் ஒருவரும் குளிக்கவில்லை.

காய்ந்தபின் நாலாவது ரோலிலிருந்து 13 முதல் 18 வரையுள்ள துண்டை வெட்டி அக்காவிடம் கொடுத்தேன். ஸ்கேன் எடுக்கவில்லை. கைபேசியில் பிடித்தும் வைக்கவில்லை. அவர் அதை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கறுத்த முகம், பால் வெள்ளையில் கூந்தல். "கடவுளே, முழுக்க நரைச்சுப் போச்சு" என்று சிரித்தார். பிறகு கைப்பையில், வக்கீல் கடிதங்கள் இருந்த உறைக்குள் வைத்துக்கொண்டார்.

என் கான்டாக்ட் தாளில் அந்த வரிசை காலியாக இருக்கிறது. வகுப்பில் படங்களைக் காட்டும்போது அங்கே என்ன இருந்தது என்று பெண்கள் கேட்பார்கள். ஆறு படம் இருந்தது என்பேன்.

போன மாதம் அக்கா அழைத்தார். காட் கிடைத்துவிட்டதாம். நெகட்டிவைக் கடையில் கொடுத்துப் பெரிய படமாகப் போடலாமா, என்ன விலை கேட்பார்கள் என்று விசாரித்தார். போடலாம் என்றேன். பக்கம் மாற்றி வைத்துப் போட்டுவிட்டால் மூக்குத்தி மற்றப் பக்கம் போய்விடும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள் அக்கா என்றும் சொன்னேன்.