விற்க மாட்டோம் என்ற கிராமம்

"எட்டு கிலோமீட்டர்தானே? பால்மரம் வெட்டுன காலத்துல இதைவிட அதிகமா நடந்திருக்கேன்" என்றார் அம்மா. அவருக்கு வயது 68. பயந்தது நான்தான்.

ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கில் மாகோமே, சுமாகோ என்று இரண்டு பழைய ஊர்கள் உள்ளன. இன்றைய தோக்கியோவான எடோவையும் கியோத்தோவையும் மலைகளின் ஊடே இணைத்த நகசெண்டோ பாதையில், வழிப்போக்கர்கள் தங்கிச் செல்ல 69 ஊர்கள் இருந்தன. அவற்றில் இரண்டு இவை. நகோயாவிலிருந்து ரயிலில் நகட்சுகாவா சென்று, அங்கிருந்து பேருந்தில் அரைமணி நேரம் போனால் மாகோமே. பெரிய பைகளைச் சுமாகோவுக்கு அனுப்பிவைக்கும் சேவையும் உண்டு. எல்லா மாதங்களிலும் இருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாகோமேயின் கல் பாவிய ஏற்றத்தில் முதலில் கண்ணில் படுவது நீர்ச்சக்கரம். மின்சாரம் வராத காலத்தில் ஜப்பானியக் கிராமங்களில் நெல் குத்தவும் மாவு அரைக்கவும் இப்படிப்பட்ட சக்கரங்கள்தாம் உதவின. அதன் சத்தத்தைக் கேட்டபடி அம்மா வெகுநேரம் நின்றார்.

ஊரைத் தாண்டி ஏறும்போது 'நீர்ச்சக்கர மேடு' என்ற நினைவிடம் வருகிறது. 1904இல் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் இங்கிருந்த வீட்டை அடித்துச் சென்றது. ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தனர். மாகோமேயில் பிறந்த எழுத்தாளர் ஷிமசாகி தோசோன் அவர்களுக்காக எழுதிய வரிகள் கல்லில் உள்ளன. சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீரேதான் வீட்டையும் கொண்டுபோயிருக்கிறது.

சுமார் 800 மீட்டர் உயரத்தில் கணவாய். அதன்பின் இறக்கம்தான். கரடிகளை விரட்ட வழியெங்கும் மணிகள் தொங்குகின்றன. அம்மா ஒன்றையும் விடாமல் அடித்தார். பாதிவழியில் ஒரு பழைய மரவீட்டில் தன்னார்வலர்கள் இலவசமாகத் தேநீர் தருகிறார்கள். தரையில் குழித்த அடுப்பில் விறகு எரிந்தது. "நம்ம லயத்து வாசனை" என்றார் அம்மா.

மாலையில் சுமாகோ. 1911இல் ரயில்பாதை வேறு வழியாகப் போனதும் இவ்வூர் படுத்துவிட்டது. இளையோர் வெளியேறினர். 1968இல் ஊர்மக்களே வீடுகளைச் செப்பனிடத் தொடங்கினர். 1971இல் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டனர்: விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, இடிக்கக்கூடாது. 1976இல் அரசாங்கப் பாதுகாப்பு கிடைத்தது. இன்றும் முக்கியத் தெருவில் மின்கம்பிகள் கண்ணில் படுவதில்லை. பகலில் கார்களும் இல்லை.

இதை நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார்: "அது அவங்க சொந்த வீடுப்பா. விக்கலன்னு சொன்னாங்க. நம்ம லயம் நமக்கா சொந்தம்?"

என்னிடம் பதில் இல்லை. அம்மா பிறந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. பழைய அடையாளமாக நிற்பது கோயில் மட்டும்தான்.

அன்றிரவு விடுதியில், நடைபாதை வரைபடத்தின் பின்பக்கத்தில் அம்மா கோடு போட ஆரம்பித்தார். பெரட்டுக் களம், தண்ணீர்க் குழாய், அரசமரம், ஏழாவது கதவு தாத்தா வீடு.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அந்தக் கோயிலிலிருந்து நடக்கப் போகிறோம். வழிகாட்டி, அம்மா.