நீளமும் உள்ளிடமும்

ஒரு வாகனத்தை அதன் நீளத்தைக் கொண்டு மதிப்பதா, அது ஏற்றுக்கொள்ளும் சுமையைக் கொண்டு மதிப்பதா என்னும் வினா, புதுக்குடியிருப்பில் வளர்ந்த எவருக்கும் வெறும் ஏட்டு வினா அன்று. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில் நெல்லும் நிலக்கடலையும் தேங்காயும் மீனும் நாள்தோறும் போவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் மின்கலத்தால் ஓடும் பிக்கப் வாகனங்களைப் பற்றிப் படிக்குந்தோறும் என் மனம் அவ்வீதிக்கே சென்றுவிடுகின்றது. அங்கே உள்ளிடம் எனப்படுவது பெரும்பாலும் ஆசனத்திலிருந்து கால் நீட்டும் இடமே. எங்களூரில் உள்ளிடம் என்றால் பெட்டி.

அளவுகளைச் சற்று நோக்குவோம். 2022 இல் விற்பனைக்கு வந்த போர்ட் எஃப்-150 லைட்னிங் ஏறத்தாழ 5.9 மீற்றர் நீளமானது. அதன் பெட்டியோ 1.7 மீற்றர். ரிவியன் ஆர்1டி 5.5 மீற்றர், பெட்டி 1.4 மீற்றருக்கும் குறைவு. டெஸ்லாவின் சைபர்டிரக் 5.7 மீற்றர், பெட்டி ஆறடி, அதாவது 1.8 மீற்றர். இனி, எங்கள் சந்திகளில் வாடகைக்கு நிற்கும் பட்டாவை எடுத்துக்கொள்வோம். 2005 இல் இந்தியாவில் டாட்டா ஏஸ் என்று வெளிவந்த அச்சிறு வாகனம், இலங்கையில் டிமோ பட்டா என விற்கப்பட்டமையால் எங்களிடையே அப்பெயரே நிலைத்தது. அதன் முழு நீளம் 3.8 மீற்றர், பெட்டி ஏறத்தாழ 2.2 மீற்றர். இரண்டு மீற்றர் குட்டையான வாகனம் அரை மீற்றர் நீண்ட பெட்டியைச் சுமக்கின்றது! அகலத்தில் மட்டும் அமெரிக்க வாகனங்களுக்கே வெற்றி. ஆயின் அந்த இரண்டு மீற்றர் அகலமும் மூன்று தொன்னை நெருங்கும் எடையும் மாரி காலத்தில் எங்கள் ஒழுங்கைகளுள் என்ன பாடுபடும் என்பது வேறு கதை.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? பட்டாவில் எந்திரம் ஆசனத்தின் கீழ் அடங்கிவிடுகின்றது. சாரதி வாகனத்தின் நெற்றியில் அமர்கின்றார். அமெரிக்க வாகனத்துக்கோ நீண்ட மூக்கு உண்டு. அம்மூக்கு எந்திரத்துக்காக ஏற்பட்டது. மின்வாகனத்தில் எந்திரம் இல்லை. மின்கலங்கள் தரையின் கீழ் பரந்து கிடக்கின்றன. எனவே மூக்கும் மறைந்து, அந்நீளம் பெட்டிக்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்தது அதுவன்று. மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு, வெற்றிடத்தை 400 லீற்றர் கொள்ளும் பூட்டுப் பேழையாக்கினர் போர்ட் நிறுவனத்தார். கடைச் சாமான்கள் நனையாமல் வீடு சேர அது நல்ல ஏற்பாடுதான். நெல் மூடைக்கு அது உதவாது. மாறாக, 2022 இல் இந்தியாவில் அறிமுகமான மின்சார ஏஸ், பழைய குட்டை உருவத்திலேயே 208 கன அடி கொள்ளும் கூண்டைத் தாங்கியது. லைட்னிங்கின் பெட்டி 53 கன அடியளவே. திறந்த பெட்டியையும் கூரையுள்ள கூண்டையும் இவ்வாறு ஒப்பிடுதல் முற்றிலும் நேர்மையன்று என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் யார் எதற்காக வாகனம் செய்கின்றார் என்பதை அது காட்டாமல் இல்லை. அமெரிக்காவில் பிக்கப் இன்று குடும்ப வாகனம். அங்கே 1960களில் பெட்டி பெரிதாகவும் சாரதிக்கூடு சிறிதாகவும் இருந்தன. பின்பு கூடு வளர்ந்தது, பெட்டி தேய்ந்தது.

பெட்டியின் அளவு எங்களுக்கு ஏன் இத்துணை பெரிதாகின்றது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. 2009 தை, மாசி மாதங்களில் கிளிநொச்சியிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து, புதுக்குடியிருப்பையும் கடந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் என ஒதுங்கியபோது, உழவு இயந்திரப் பெட்டிகளே அவர்தம் வீடுகளாயின. எதனை ஏற்றுவது, எதனை விடுவது என்பதைத் தீர்மானித்தது பெட்டியின் நீள அகலந்தான். எங்கள் பெட்டியில் தையல் இயந்திரம் ஏறியது, அலுமாரி ஏறவில்லை. நடக்கவியலாத அப்புவை நெல் மூடைகளுக்கு நடுவே நீட்டிக் கிடத்தினோம். அவர் ஆறடி மனிதர். போர்ட் வாகனத்தின் பெட்டியில் பின்கதவை இறக்கினாலன்றி அவர் கால் நீட்டியிருக்க முடியாது. ரிவியனில் முழந்தாளை மடித்தே கிடந்திருப்பார். இவ்வளவுகளைப் படித்தபோது நான் முதலில் கணக்கிட்டது அதனையே.

அண்மையில் ஊர் சென்றபோது, கமம் செய்யும் மாமாவிடம் இவற்றையெல்லாம் விரித்துரைத்தேன். மூக்குப் பேழையும் கால் நீட்டும் இடமும் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "உதுக்குப் பின்னால பெட்டி கொழுவலாமோ?" என்று மட்டும் கேட்டார். கொழுவலாம், லைட்னிங் தக்க பூட்டமைப்புடன் நாலரைத் தொன் வரை இழுக்க வல்லது. ஆனால் பாரம் இழுக்கையில் ஒரு முறை மின்னேற்றி ஓடுந்தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்றேன். "அப்ப பாதி வழியில நிக்கும்" என்றவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.