எட்டும் நான்கும்

மாணவன் ஒருவனின் டிரான்சிஸ்டர் வகைக் கிதார் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துபோயிற்று. பின்புறம் ‘குறைந்தபட்சம் 8 ஓம்’ என்று அச்சிட்டிருந்தது. கடையில் கிடைத்ததோ 4 ஓம். “எண் சிறிதானால் சுமையும் சிறிதுதானே, வாங்கிவிடு தம்பி” என்றோம் நாம். தமிழாசிரியர் சொல்லையும் மாணவர் நம்பிவிடுகின்றனர்.

அரைமணி நேர ஒத்திகையில் கருகல் வாடை எழுந்தது. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிட்டன.

பழுதுபார்த்தவர் விளக்கினார். ஓம் என்பது மின்மறுப்பின் அளவு. மறுப்பு பாதியானால், அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் இருமடங்காகும். டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகும். 16 ஓம் மாட்டியிருந்தால் திறன் ஏறத்தாழப் பாதியாகும், ஒலி சற்றே தணியும், கருவி பிழைத்திருக்கும். வெளியீட்டு மின்மாற்றி கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. மீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். மீட்டர் அளப்பது கம்பிச்சுருளின் மின்தடையை மட்டுமே.

பழுதுக்கூலியை நாமே கொடுத்தோம். “பரவாயில்லை ஐயா” என்றான் அவன். அது போதவில்லை நமக்கு. ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்று அன்று சொல்லியிருக்கலாம்.