வீட்டுக்காரர் இல்லாத வீடு

பாளையங்கோட்டையில் நான் பார்க்கப் போன நான்காவது வீடு அது. மாடிப் போர்ஷன். 7,000 ரூபாய் வாடகை, 50,000 ரூபாய் அட்வான்ஸ். வீட்டுக்காரர் சாவியைக் கையிலிருந்து விடாமலே கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் என்ன செய்யுதாரு?”

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதே மொழியைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவள். வாடகைக்கு வீடு விடுகிறவரையும் கணவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம் என்பது அன்று அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டுக்காரரை விட்டு வந்தவளுக்கு இன்னொரு வீட்டுக்காரர் எளிதில் கதவு திறப்பதில்லை.

“தனியாத்தான் இருக்கேன்” என்றேன். “நீங்க என்ன ஆளுங்க?” என்பது அடுத்த கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. “பையன்ட்ட கேட்டுட்டு போன் பண்ணுதேன்” என்றார். போன் வரவில்லை. முதல் மூன்று வீடுகளிலும் கேள்விகளின் வரிசைதான் மாறியிருந்தது. ஒரு வீட்டில் சாதியை முதலில் கேட்டார்கள், இன்னொன்றில் கணவரை.

இது 2021இல் நடந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு திருமணத்திலிருந்து வெளியே வந்திருந்தேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் மூன்று பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில் என்னுடையது. இரவு எட்டு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். ஒரு கவியரங்கம் முடிந்து எட்டே காலுக்கு வந்த என்னிடம், பரீட்சைக்குத் தாமதமாக வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல விளக்கம் கேட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

பிறந்த வீடு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2009இல் அப்பா இறந்தார். உயில் எழுதி வைக்கவில்லை. அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் அதில் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தர 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதற்கும் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. இதெல்லாம் தெரியாதவள் இல்லை. வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். “கையெழுத்தப் போட்ருட்டி, பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரக் கூடாது” என்றாள் அம்மா. சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்திட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்று அம்மாவும் இட்டாள். வாசல் இன்றுவரை அடையவில்லைதான். ஆனால் நான் பையோடு போய் இறங்கினால், “எத்தன நாள் லீவு?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

என் ஸ்கூட்டரைப் பழுது பார்க்கும் அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு வெள்ளை ஆம்னி வேன் விற்பனைக்கு நின்றது. 2008ஆம் வருட வண்டி. ஒரு பேக்கரிக்காரர் ரொட்டி ஏற்றி ஓட்டியது. விலை 95,000 ரூபாய். யாருக்கு என்று கேட்டார் அண்ணாச்சி. எனக்குத்தான், குடியிருக்க என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “டீச்சர், ஆஸ்பத்திரிக்கு ஓடுத ஆம்னி பாத்திருக்கேன், பள்ளிக்கூடத்துக்கு ஓடுத ஆம்னி பாத்திருக்கேன். குடியிருக்கத ஆம்னி பாத்ததில்ல.”

என் மாணவிகள் வேறு ஆம்னியைப் பார்த்திருந்தார்கள். “மேம், அது சினிமால பொண்ணைக் கடத்துற வண்டில்லா!” என்று சிரித்தார்கள். உண்மைதான். பக்கவாட்டில் சர்ரென்று திறக்கும் அந்தக் கதவு ஒரு தலைமுறைக்கே பயம் காட்டியது. கதவின் கைப்பிடி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஏன் பழைய வண்டி, ஏன் இவ்வளவு சின்ன வண்டி என்று கேட்காதவர்கள் இல்லை. முதல் காரணம் பணம். நான் கௌரவ விரிவுரையாளர். அன்று என் மாத ஊதியம் 20,000 ரூபாய், அதுவும் பதினோரு மாதங்களுக்குத்தான். நிரந்தர வேலை இல்லாத எனக்குப் புது வண்டிக்குக் கடன் கிடைக்காது. கிடைத்தாலும் ஜாமீன் கையெழுத்துக்கு ஓர் ஆண் வேண்டும் என்பார்கள். தாலிக்கொடி மூன்று பவுன் இருந்தது. விற்றேன். வண்டிக்குப் போக மிச்சத்தில் நான்கு டயரும் மாற்றினேன்.

இரண்டாவது காரணம், இந்த வண்டியை என்னால் புரிந்துகொள்ள முடியும் என்பது. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், பழைய மாருதி 800இன் எஞ்சின். முன் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் பார்த்துவிடலாம். வெயில் காலத்தில் அந்தச் சூடு தொடை வரை ஏறும். உதிரிப் பாகம் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. மூன்றே கால் மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம், ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த அகலம். எந்தச் சந்திலும் நுழையும், எந்தப் புறக்கடையிலும் நிற்கும். பின் சீட்டைக் கழற்றிப் பலகை போட்டால் ஐந்தடி இரண்டங்குலக்காரியான நான் காலை நீட்டிப் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க மட்டும் முடியாது.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். இதற்கு மூக்கு கிடையாது. முட்டியின் முன்னால் ஒரு தகடு, அதற்கு அப்பால் சாலை. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் இதன் தயாரிப்பையே நிறுத்தினார்கள். அதனால் நான் வேகமாக ஓட்டுவதில்லை, இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுவதே இல்லை.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சிதான் கற்றுக்கொடுத்தார். தரை விரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். கூரையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் புகையின் நிறத்தைப் பார்த்தேன். சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஒன்றா, பழைய கடன் ரத்தாகியிருக்கிறதா என்று பார்த்தேன். திருமணத்துக்கு முன் நான் இவ்வளவு பார்க்கவில்லை.

கழற்றிய சீட்டைப் பட்டறை மச்சில் பத்திரமாக வைத்தார். வண்டியின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் விடாது. ஆகவே எதையும் வெட்டவில்லை, பற்றவைக்கவில்லை. கதவின் உள்பக்கத்தில் மட்டும் நான் கேட்டபடி ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்தார்.

பெயர் மாற்ற விண்ணப்பத்தில் மகன், மனைவி, மகள் என்று அச்சிட்டு, இன்னாருடைய என்று நிரப்பச் சொல்லியிருந்தது. மகள் என்று நிரப்பினேன். முகவரி கேட்டிருந்தது. வீடாக வாங்குகிற வண்டிக்கும் ஒரு வீட்டின் முகவரி வேண்டும். ஆதாரில் அண்ணன் வீட்டு முகவரிதான் இருக்கிறது. அங்கேதான் தபாலில் ஆர்.சி. அட்டை போனது. மதினி போனில், “ஒங்க பேர்ல ஏதோ கார்டு வந்திருக்கு” என்றாள். என் பெயரில் பதிவான முதல் சொத்து, நான் எழுதிக்கொடுத்துவிட்ட வீட்டின் வாசலுக்கு வந்திருந்தது.

வண்டிக்குள் உட்கார்ந்து கவிதை எழுதுகிறீர்களா என்று இலக்கிய நண்பர்கள் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் நான் எழுதியது கணக்கு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் தண்ணீர், எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை சுத்தம், எதில் சாவி கேட்டால் முறைக்கிறார்கள். மாதவிடாய் நாட்களை முன்கூட்டியே பார்த்து எங்கே தங்குவது என்று முடிவுசெய்வேன். இரவுக்கு மூடி போட்ட ஒரு வாளி இருக்கிறது. இதை எழுதக் கூசுகிறது என்று எழுதாமல் விட்டால், அடுத்து வரும் பெண் இதைத் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

தனியாக வாழ்கிறேன் என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. ஓய்வுபெற்ற செவிலியரான ஓர் அக்காவின் புறக்கடையில்தான் பெரும்பாலான இரவுகளில் வண்டி நிற்கிறது. குளியலறை, குழாய், திண்ணையில் என் இன்டக்‌ஷன் அடுப்புக்கு ஒரு பிளக். வாடகை வேண்டாம் என்றார். கேட்காமல் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறேன். ஒரு முறை காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தபோது, காலையில் வண்டித் தகட்டைத் தட்டிக் கஞ்சி கொடுத்தவர் அவர். கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஏழு மணிக்கே எனக்காகக் கழிப்பறையைத் திறந்து வைப்பார். இவர்கள் யாரும் என் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டதில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். ஒரு வெளியூர்க் கருத்தரங்குக்குப் போனபோது பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தித் தூங்கினேன். இரவு ஒரு மணிக்குக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தைத்த திரைதான் எனக்கு மறைவு. கார்க் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்துவிட்டது. கார்களுக்குள் பெண்களுக்கு நடக்கும் கொடுமைகள் வெளியே தெரியாமல் போகின்றன என்பது அந்தத் தடைக்குப் பின்னிருந்த கவலைகளில் ஒன்று. நியாயமான கவலைதான். ஆனால் உள்ளே இருக்கும் பெண்ணுக்கே மறைவு தேவைப்படலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. “யாரும்மா உள்ள? தனியாவா?” என்றது குரல். திரையைக் கொஞ்சம் விலக்கி, தாழ்ப்பாளைத் திறக்காமல், ஆர்.சி. அட்டையையும் கல்லூரி அடையாள அட்டையையும் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். “வீட்டுக்குப் போக வேண்டியதுதானம்மா?” என்றார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. “வீட்லதான் சார் இருக்கேன்” என்றேன். டார்ச் அணைந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் ஆய்வேடு ஆற்றுப்படை நூல்களைப் பற்றியது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு விற்கப் போகும் உமணர்களின் வண்டி ஒன்று வரும். அதில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. கயிறு கட்டிய காடிப் பானை இருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எருதுகளை ஓட்டுகிறவள் ஒரு பெண். வண்டி வரும் இடத்தை எத்தனையோ முறை படித்தும், ஆய்வேட்டில் அவளுக்கு நான் கொடுத்தது ஓர் அடிக்குறிப்புதான். மனையிலிருந்து வந்த மனைவி என்ற சொல்லுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். வண்டியில் குடித்தனம் நடத்தியவளுக்கு மூன்று வரி.

ஆனாலும் இதை விடுதலை என்று பாட எனக்கு மனமில்லை. பாலத்தடியிலும் செங்கல் சூளையிலும் குடும்பத்தோடு இருக்கும் பெண்களுக்கு வாசலும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அவர்களை யாரும் துணிச்சல்காரி என்பதில்லை. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, முனைவர் பட்டம் இருக்கிறது, டார்ச் அடிக்கிறவரிடம் காட்ட அட்டை இருக்கிறது. நீங்களாகத் தேர்ந்தெடுத்ததா, வேறு வழியில்லாமலா என்று ஒரு மாணவி கேட்டாள். நான்கு வாசல்கள் என்னைத் தள்ளின, ஐந்தாவதை நான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். அவளுக்கு நான் இன்னொன்றும் சொன்னேன்: விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், ஒரு வாரம் யோசிக்க வேண்டும் என்று சொல்.

2023இல் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் முந்தைய வருடம்தான் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆகியிருந்தது. மச்சிலிருந்த சீட்டை இறக்கி மாட்டினோம். துருப்பிடித்த இடங்களில் டிங்கரிங் பார்த்தோம். ஐந்து வருடம் நீட்டிப்புக் கிடைத்தது. மழை பெய்தால் உள்ளே இப்போதும் லேசாக பன் வாசனை வரும்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். திரும்ப நேரமாகிவிட்டது. இரவு அக்காவின் புறக்கடையில் வண்டியிலேயே இருவரும் படுத்தோம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அண்ணன் வீட்டில் அவள் பட்டாசாலையில்தான் படுக்கிறாள். எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும், வரவேண்டும். வண்டிக்குள் திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை. சேலைத் திரையைத் தடவிப் பார்த்து, “இது என் சேலைல்லா” என்றாள். நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினேன்.

“இருட்டி, நான் போடுதேன்” என்று எழுந்து உட்கார்ந்தாள். இருட்டில் கொஞ்ச நேரம் தடவிக் கண்டுபிடித்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு படுத்துத் தூங்கிவிட்டாள்.