விரைவுப் படிப்பும் முதுகெலும்பும்



மருந்தும் அறுவையும் இன்றிக் கைகளைக் கொண்டே முதுகெலும்பையும் மூட்டுகளையும் சீர்செய்ய முனையும் கைரோபிராக்டிக் என்னும் சிகிச்சைமுறை, இப்போது நம் பெற்றோர் பலருக்கும் அறிமுகமான பெயராகிவிட்டது. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் இது தோன்றியது. இதனைத் தோற்றுவித்த டி. டி. பால்மர் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் (நம்மவர்தாம்!). 1897-இல் அவர் தொடங்கிய கல்லூரி இன்றும் அந்நகரில் இயங்குகிறது. எலும்புகளின் இடப்பிறழ்வே ஏறக்குறைய எல்லா நோய்க்கும் காரணம் என்ற அவருடைய கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. கீழ்முதுகு வலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன் தரும் என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை. இத்துறைக்குச் செல்ல விரும்பும் பிள்ளை இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே அறிந்திருத்தல் நலம்.

இதை நான் எழுத நேர்ந்தது ஒரு முன்னாள் மாணவியால். எங்கள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள், இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்புக்கான மாற்றுத் திட்டத்தில் பயில்கிறாள். அமெரிக்கா சென்று கைரோபிராக்டிக் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தை லோரி ஓட்டுநர். பல்லாண்டுகளாக முதுகுவலியோடு வாழ்பவர். மகளின் விருப்பத்திற்கு வேர் எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் என்னிடம் வினவியது இதுதான்: "டீச்சர், சீக்கிரமா முடிக்கிற படிப்பு ஒன்னு இருக்காம். ஒரு வருசம் மிச்சமாம். சேமநிதியில எடுத்துக் கட்டிடலாமா?"

ஊழியர் சேமநிதி என்பது அவருடைய முதுமைக்கால உணவு. ஆகவே சற்று ஆழ்ந்து தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்திற்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் வேண்டும். அது நான்காண்டுப் படிப்பு. கைரோபிராக்டிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் மன்றமோ 90 கிரெடிட்டுகளையே நுழைவுக்கான அடிப்படையாக வைத்துள்ளது. அவற்றுள் 24 கிரெடிட்டுகள் உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற அறிவியல் பாடங்களாக இருத்தல் வேண்டும். அந்த 24-இல் பாதியேனும் ஆய்வுக்கூடப் பயிற்சியுடன் அமைய வேண்டும். சராசரிப் புள்ளி 4.0-க்கு 3.0. இதன் பின்னர்க் குறைந்தது 4,200 மணிநேரத் தொழிற்படிப்பு. விடுமுறையின்றித் தொடர்ந்தால் பத்துத் தவணைகளில், அதாவது மூன்றாண்டு நான்கு மாதங்களில் அதை முடிக்கலாம்.

ஆக, 'ஒரு வருசம் மிச்சம்' என்பது பொய்யன்று. மூன்றாண்டு இளங்கலைப் படிப்போடு தொழிற்படிப்பிற்குள் நுழைந்து, அங்கே முதலாண்டில் பெறும் கிரெடிட்டுகளைப் பழைய கல்லூரிக்கே அனுப்பிப் பட்டத்தை நிறைவு செய்யும் ஏற்பாடு சில கல்லூரிகளுக்கிடையே உள்ளது. கோடைப் பருவங்களையும் பயன்படுத்தினால் அந்த மூன்றாண்டும் இன்னும் சுருங்கும்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. குறும்பருவத்தில் ஒரு பாடத்தை ஏழெட்டு வாரங்களில் முடிக்கிறார்கள். வழக்கமான பருவமென்றால் பதினைந்து வாரம். வாரங்கள் பாதியாகின்றன, பாடம் பாதியாவதில்லை. வரலாறு, உளவியல் போன்ற பாடங்களை இப்படிக் கடந்துவிடலாம் என்பது என் எண்ணம். கரிம வேதியியலை அவ்வாறு விழுங்க இயலாது. இன்று புரியாததைச் சிந்திக்க நாளை என்ற ஒரு நாள் அதற்கு வேண்டும்.

அதிலும் நம் பிள்ளைகளின் நிலை தனி. இவள் தொடக்கப்பள்ளியில் 'முதுகெலும்பு' என்று தமிழில் கற்றாள். இடைநிலைப்பள்ளியில் அதுவே 'துலாங் பெலாக்காங்' ஆயிற்று. கல்லூரியில் 'வெர்டிபிரா' என்கிறார்கள். நெம்புகோலும் ஆதாரப் புள்ளியும் எங்கள் வகுப்பிலேயே அவளுக்கு நன்கு விளங்கியவை. அடிமரப் பலகையைக் கொண்டு மேசையைத் தூக்கிக் காட்டியவள் அவள். ஆயினும் விளங்கிய கருத்துக்கு மூன்றாம் மொழியில் பெயர் சூட்ட நேரம் பிடிக்கும். இது அறிவுக் குறையன்று. பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர்கள் இதைத்தான் ஓயாமல் சொல்லித் தந்தார்கள். விரைவுத் திட்டங்களை வகுப்பவர்கள் ஒரே மொழியில் வளர்ந்த மாணவனையே மனத்தில் கொள்கிறார்கள் போலும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. 90 கிரெடிட்டோடு உள்ளே சென்று, ஓராண்டுக்குள் படிப்பு ஒத்துவரவில்லை என்றால், கையில் பட்டம் இராது. கடன் மட்டும் இருக்கும். அமெரிக்காவிலேயே சில மாநிலங்கள் தொழில் உரிமத்திற்கு இளங்கலைப் பட்டத்தையும் கேட்கின்றன. பட்டத்தை நிறைவு செய்துகொள்ளும் ஏற்பாடு இல்லாத குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை அனைத்தையும் தந்தையிடம் விளக்கியபோது, "நம்ம ஊர்லயே இல்லையா டீச்சர்?" என்றார். உண்டு. கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்தில் 2010-ஆம் ஆண்டு கைரோபிராக்டிக் இளங்கலைப் படிப்பு தொடங்கப்பட்டது; நான்காண்டுப் படிப்பு. பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இன் கீழ் இத்துறை நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பயின்று திரும்பினாலும் இங்குத் தொழில் புரிய இச்சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும்.

கிரெடிட்டுகள் குறித்து ஒரு செய்தி. இங்குள்ள கல்லூரி 'மாற்றலாம்' என்று சொல்வது மட்டும் போதாது. எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், ஆய்வுக்கூடப் பயிற்சி கணக்கில் வருமா என்பதை அமெரிக்கக் கைரோபிராக்டிக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவிடமிருந்தே எழுத்தில் பெறுங்கள். சேமநிதிப் பணத்தை எடுக்கும் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.